ஈயத்தை விட்டுச் செம்புக்கு: மான் வேட்டைத் தோட்டாவை நிரப்புகிறவருக்கு

சட்டத்தை முதலில் சொல்லிவிடுவதே முறை. ஆந்திரத்தின் சாந்திபுரம், குப்பம், பலமநேர் பக்கத்துக் காடுகளில் மானைச் சுடுவது குற்றம். 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் 9-ஆம் பிரிவு அதைத் தடுக்கிறது. உரிமம் வாங்கிக்கொண்டு வேட்டைக்குப் போகும் பழைய வழியை 1991-ஆம் ஆண்டுத் திருத்தம் அடைத்துவிட்டது. கடலைக் கொல்லையில் மான் இறங்கி மேய்ந்துவிட்டுப் போயிருந்தாலும், 11-ஆம் பிரிவின்படி தலைமை வனவிலங்குக் காப்பாளரோ அவர் அதிகாரம் கொடுத்த அலுவலரோ எழுத்து மூலம் அனுமதி தந்தால் ஒழிய யாரும் துப்பாக்கியைத் தூக்க முடியாது. தோட்டா நிரப்புவதும் அப்படித்தான். 1959-ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம் 5-ஆம் பிரிவில் உரிமம் இல்லாமல் தோட்டா தயாரிப்பதைத் தடுக்கிறது. 2019-ல் வந்த திருத்தத்துக்குப் பிறகு அந்தக் குற்றத்துக்குக் குறைந்தது 7 ஆண்டு, கூடினால் ஆயுள் முழுக்கச் சிறை. ஆகவே இந்த அதிகாரம் ஊரில் இருப்பவர் செய்து பார்ப்பதற்கு அல்ல. சாந்திபுரத்திலோ சித்தூரிலோ பிறந்து, பிழைப்புக்காக டெக்சாஸ், மினசோட்டா, டென்மார்க் என்று போய், அந்த நாட்டுச் சட்டப்படி பயிற்சி முடித்து, உரிமம் வாங்கி, பருவத்தில் மான் வேட்டைக்குப் போகிறவருக்கும், தம் தோட்டாவைத் தாமே நிரப்பிக்கொள்ள அங்கே கற்றுக்கொண்டிருப்பவருக்கும் எழுதப்பட்டது இது.

அவருக்குச் சொல்ல வேண்டியது ஒன்றுதான்: மானுக்கென்று நிரப்பும் தோட்டாவில் ஈயக்குண்டு வேண்டாம், முழுச் செம்புக் குண்டையே வையுங்கள். கடையில் தோட்டா வாங்குகிறவர் அலமாரியில் இருப்பதைத்தான் எடுத்துக்கொள்ள முடியும். நிரப்புகிறவர் அப்படியல்ல. பித்தளைக் கூடு, பிரைமர், மருந்து, குண்டு என்று நான்கையும் தனித்தனியே தேர்ந்து வாங்குகிறார். எந்த உலோகம் கறிக்குள் போகப்போகிறது என்பது முழுக்க அவர் கையில் இருக்கிறது. அந்தக் கறியைத் தின்னப்போவது அவர் மட்டுமல்ல, அவர் வீட்டுப் பிள்ளைகளும்தான். இதனால்தான் குண்டு எந்த உலோகம் என்ற கேள்வியைக் குறி தப்பாமை, வேகம் ஆகியவற்றுக்கு முன்னால் வைக்க வேண்டியிருக்கிறது.

வழக்கமான வேட்டைக் குண்டு எப்படி வேலை செய்கிறது என்று பாருங்கள். உள்ளே ஈயம், மேலே மெல்லிய செம்புக் கவசம், முனையில் கவசம் திறந்திருக்கும். நொடிக்கு 2,500 அடிக்கு மேலான வேகத்தில் அது விலா எலும்பில் மோதும்போது கவசம் பிளக்கிறது, மிருதுவான ஈயம் நாய்க்குடை போல விரிகிறது. விரியும்போதே உதிர்கிறது. உதிரும் துணுக்குகளில் பெரும்பாலானவை மணலைவிடப் பொடியானவை. கண்ணுக்குத் தெரியாது, விரலுக்கும் பல்லுக்கும் அகப்படாது. அமெரிக்க ஆய்வாளர்கள் சாதாரண வேட்டையில் சுடப்பட்ட 30 மான்களை எக்ஸ்ரே எடுத்து, வெவ்வேறு கசாப்புக் கடைகளில் கொடுத்து வெட்டி வாங்கி, கொத்துக்கறிப் பொட்டலங்களைத் திரும்பவும் படம் பிடித்து 2009-ல் முடிவை வெளியிட்டார்கள். குடல் எடுத்த உடல்கள் ஒவ்வொன்றிலும் துணுக்குகள் இருந்தன, சிலவற்றில் நூற்றுக்கணக்கில். குண்டு போன தடத்துக்கு வெகுவாகத் தள்ளியும் அவை சிதறிக் கிடந்தன. தொழில் தெரிந்த கசாப்புக்காரர் காயத்தைச் சுற்றி வெட்டி எறிந்த பிறகும், 30 மான்களில் 24 மான்களின் பொட்டலங்களில் உலோகம் இருந்தது. அதில் பெரும்பங்கு ஈயம். அந்தக் கறியைப் பன்றிகளுக்குக் கொடுத்தபோது அவற்றின் இரத்தத்தில் ஈய அளவு ஏறியது. கறிக்குள் கிடக்கும் உலோகம் செரிக்காமல் அப்படியே வெளியே போய்விடும் என்ற எண்ணம் அதோடு அடிபட்டுப்போனது.

இந்த இடத்தில் வழக்கமாக எழும் கேள்வி: தாத்தா காலத்திலிருந்து வேட்டைக்கறி தின்றார்களே, யார் செத்தார்கள்? ஈயம் அப்படி ஒரே நாளில் ஆளைச் சாய்ப்பதில்லை என்பதே அதன் தொல்லை. எலும்பில் போய்ச் சேர்ந்து ஆண்டுக்கணக்கில் தங்கும்; பெரியவர்களுக்கு இரத்த அழுத்தத்தையும் சிறுநீரகத்தையும் தொடும்; வளரும் குழந்தையின் மூளையில் அது செய்யும் சேதம் திரும்பாது. பாதுகாப்பான அளவு என்று ஒன்று இல்லை என்பது உலக சுகாதார நிறுவனத்தின் நிலைப்பாடு. இந்தியா 2000-ஆம் ஆண்டில் பெட்ரோலிலிருந்து ஈயத்தை எடுத்ததும், பிறகு வீட்டுப் பெயின்டில் அதற்குக் கடுமையான வரம்பு வைத்ததும் இதனால்தான். இன்னொரு சந்தேகமும் நம் வீடுகளில் எழும்: ஈயச்சொம்பில்தானே ரசம் வைக்கிறோம்? அந்தச் சொம்பு வெள்ளீயம், அது வேறு உலோகம். குண்டுக்குள் இருப்பது காரீயம். ஒன்றை வைத்து மற்றதை நியாயப்படுத்த வழியில்லை.

இதைவிடக் கனமான மறுப்பு ஒன்று உண்டு. அதை நேர்மையாக எடுத்துக்கொள்ள வேண்டும். 2008-ல் வடக்கு டகோட்டாவில் 736 பேரின் இரத்தத்தை அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் சோதித்தது. வேட்டைக்கறி தின்றவர்களுக்கு ஈய அளவு கூடுதலாகவே இருந்தது, ஆனால் சராசரியில் அந்தக் கூடுதல் டெசிலிட்டருக்கு 0.3 மைக்ரோகிராம்தான். இவ்வளவு சிறிய எண்ணுக்கா இத்தனை பாடு என்று கேட்கலாம். சராசரி என்பது ஆண்டுக்கு ஒருமுறை தின்றவரையும் வாரம் நான்கு நாள் தின்றவரையும் கலந்து வருவது. ஒரு மானை வெட்டி ஃப்ரீஸரில் வைத்து ஆறு மாதம் சமைக்கும் வீடு அந்தச் சராசரியில் அடங்காது. அந்த வீட்டில் கருவுற்ற பெண்ணோ மூன்று வயதுக் குழந்தையோ இருந்தால், அவர்களுக்குக் கிடைக்கும் ஒரு கவளத்தில் எத்தனை துணுக்கு என்பது வெறும் அதிர்ஷ்டம். வேறு வழியே இல்லை என்றால் அந்த ஆபத்தை எடை போட்டுப் பார்க்கலாம். குண்டை மாற்றினாலே நீங்கிவிடும் ஆபத்தை ஏன் சுமக்க வேண்டும்?

நம் காட்டோரங்களில் நாட்டுத் துப்பாக்கியில் மருந்தையும் ஈயக்குண்டையும் கெட்டித்துச் சுடும் கள்ள வேட்டைக்கும் இந்தக் கணக்கு பொருந்தும். கிருஷ்ணகிரி, தர்மபுரி மலையோர ஊர்களில் உரிமம் இல்லாத துப்பாக்கிகளை ஒப்படைக்கச் சொல்லி அதிகாரிகள் கேட்பது சட்டத்துக்காக. அந்தக் கறியை வாங்கித் தின்கிறவர் தன் உடம்புக்காகவும் அதை மறுக்கலாம்.

கறியோடு விஷயம் முடிவதில்லை. மேலை நாட்டு வேட்டைக்காரர் மானைக் காட்டிலேயே கிழித்துக் குடலை அங்கேயே போட்டுவிட்டு வருவார். அதைத் தின்ன வருபவை கழுகுகளும் பிணந்தின்னிப் பறவைகளும். கலிஃபோர்னியா காண்டோர் என்ற பெருங்கழுகு 1982-ல் 22 மட்டுமே மிஞ்சியது. அவற்றைப் பிடித்து வளர்த்துத் திரும்ப விட்ட பிறகும் அவற்றின் சாவுக்கு முதல் காரணமாக ஈய நஞ்சே நின்றது. கலிஃபோர்னியா 2008 முதல் காண்டோர் வாழும் பகுதியில் ஈயக்குண்டைத் தடுத்தது, 2019 ஜூலை முதல் மாநிலம் முழுதும் எல்லா வேட்டைக்கும் தடுத்தது. டென்மார்க் 1996-லேயே ஈயச் சிதறுகுண்டை விலக்கி, 2024 ஏப்ரலில் ரைஃபிள் குண்டையும் விலக்கிவிட்டது. இந்தியப் பிணந்தின்னிக் கழுகுகள் அழிந்தது ஈயத்தாலா என்றால், இல்லை. மாட்டுக்குப் போட்ட டைக்ளோஃபெனாக் மருந்தால். அதை 2006-ல் தடை செய்தார்கள். இரண்டையும் ஒன்றாக்கிப் பேசக் கூடாது. ஆனால் செத்த உடலில் நாம் விட்டுவைக்கும் சிறு அளவு நஞ்சு ஒரு பறவை இனத்தையே சாய்க்கும் என்பதை நம் நாடு எவரையும்விட நன்றாக அறியும்.

இனி நிரப்பும் மேசைக்கு வருவோம். செம்புக்கு மாறுகிறவர் செய்யும் பெரிய தவறு, குண்டை மட்டும் மாற்றி மற்றதை அப்படியே வைத்துக்கொள்வது. ஈயத்தின் அடர்த்தி கன சென்டிமீட்டருக்கு 11.34 கிராம், செம்பினுடையது 8.96. ஒரே விட்டம், ஒரே எடை என்றால் செம்புக் குண்டு நீளமாகத்தான் இருந்தாக வேண்டும். முழு உலோகமாகப் பார்த்தால் கால்பங்குக்கு மேல் நீளம் கூடும்; வழக்கமான குண்டில் செம்புக் கவசமும் இருப்பதால் நடைமுறையில் கொஞ்சம் குறையும். 180 கிரெயின் ஈயக்குண்டையும் 180 கிரெயின் செம்புக் குண்டையும் மேசையில் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தினால் கண்ணாலேயே தெரியும். இந்த நீளம்தான் மற்ற எல்லாவற்றையும் மாற்றுகிறது.

முதலில் கூட்டுக்குள் இடம். தோட்டாவின் மொத்த நீளத்துக்கு வரம்பு உண்டு. மேகஸீனில் அடங்க வேண்டும். ஆகவே நீளக் குண்டின் கூடுதல் நீளம் வெளியே நீளாமல் உள்ளே இறங்குகிறது, மருந்து இருக்க வேண்டிய இடத்தைத் தின்கிறது. இடம் சுருங்கினால் அழுத்தம் ஏறும். போதாததற்கு, செம்பு ஈயத்தைப் போல நெகிழ்ந்து குழலின் புரிகளுக்குள் புகுவதில்லை, முரண்டு பிடித்தே நுழைகிறது. இந்த இரண்டு காரணங்களாலும், அதே எடை ஈயக்குண்டுக்கு எழுதிய மருந்து அளவைச் செம்புக்குப் போடக் கூடாது. இது ஒருபோதும் மீறக் கூடாத விதி. அந்தக் குண்டைச் செய்த நிறுவனம் அந்தக் குண்டுக்கென்றே வெளியிட்ட கையேட்டை வாங்குங்கள்; அதில் சொல்லியிருக்கும் மருந்தையே, குறைந்த அளவிலிருந்தே தொடங்குங்கள். ஒவ்வொரு படியிலும் சுட்ட கூட்டை எடுத்துப் பாருங்கள். பிரைமர் தட்டையாகிப் பரவியிருந்தாலோ, போல்ட் இறுகித் திறந்தாலோ, கூட்டின் அடியில் பளபளப்பான தடம் விழுந்திருந்தாலோ அங்கேயே நிறுத்துங்கள். இந்த அதிகாரத்தில் மருந்து அளவு எதையும் வேண்டுமென்றேதான் தரவில்லை. அது குண்டுக்குக் குண்டு, துப்பாக்கிக்குத் துப்பாக்கி மாறும். இன்னொருவர் அளவைக் காதால் கேட்டு நிரப்புகிறவர் தன் முகத்துக்கு முன்னால் ஒரு சிறு வெடிகுண்டை வைத்துக்கொள்கிறார்.

அடுத்தது புரி. குழலின் உட்புரி எத்தனை அங்குலத்துக்கு ஒருமுறை முழுச் சுற்றுச் சுற்றுகிறது என்பதைப் பொறுத்தே குண்டு நிலையாகப் பறக்கும். நீளக் குண்டுக்கு வேகமான சுழற்சி வேண்டும். 10 அங்குலத்துக்கு ஒரு சுற்று உள்ள .30-06 பெரும்பாலான செம்புக் குண்டுகளை ஏற்கும். 12 அங்குலத்துக்கு ஒரு சுற்று உள்ள பழைய .308 நீளமானவற்றை ஏற்காமல் போகலாம். இதற்குத் தீர்வு எளிது, ஆனால் பழைய வேட்டைக்காரர்களுக்கு மனசு வராது: எடையைக் குறையுங்கள். .308-ல் 180 கிரெயின் ஈயம் சுட்டவர் 150 கிரெயின் செம்பு எடுக்கலாம். கனமான குண்டுதான் ஆழமாகப் போகும் என்ற பழைய பாடம் ஈயத்துக்குச் சரி, ஏனென்றால் அது போகும் வழியெல்லாம் தன் எடையை இழக்கிறது. செம்பு ஏறக்குறைய முழு எடையோடு மறுபக்கம் வந்து சேரும். இழக்காத 150, பாதியை உதிர்த்துவிடும் 180-ஐவிட உள்ளே கூடுதல் வேலை செய்யும். எடை குறைந்த குண்டு கூட்டுக்குள் இடத்தையும் திருப்பித் தருகிறது, வேகத்தையும் கூட்டுகிறது. அந்த வேகம்தான் செம்புக்கு உயிர்.

வேகம் ஏன் அவ்வளவு முக்கியம் என்பதைக் குண்டின் முனையில் பார்க்கலாம். செம்புக் குண்டின் மூக்கில் ஒரு குழி, அதற்குள் நீளவாட்டில் நான்கு கீறல். மானின் உடலுக்குள் ஈரம் அந்தக் குழிக்குள் புகுந்து அழுத்த, கீறல் வழியே செம்பு நான்கு இதழாகப் பின்னோக்கி மடிகிறது. இதழ் விரிந்தால்தான் காயம் அகலமாகும். வேகம் போதவில்லை என்றால் இதழ் திறக்காது. குண்டு ஊசிபோலத் துளைத்துப் போய்விடும், மான் ஓடி மறைவில் சாகும். 1989-ல் பார்ன்ஸ் நிறுவனம் கொண்டுவந்த முதல் எக்ஸ் குண்டுகளைப் பற்றி இந்தக் குறை வெகுகாலம் பேசப்பட்டது, அதில் உண்மையும் இருந்தது. குழலில் செம்பு ஒட்டிக்கொள்வதும் அப்போது பெருந்தொல்லை. பிறகு 2003-ல் உடலில் வரிப்பள்ளங்கள் வெட்டிய குண்டும், அதன்பின் மூக்கில் பிளாஸ்டிக் முனை வைத்த குண்டும் வந்தன. பள்ளம் உராய்வையும் அழுத்தத்தையும் குறைத்தது, முனை இதழ் திறப்பதற்கு ஆப்பாகியது. இருபது வருடத்துக்கு முந்தைய குறையை இன்றைய குண்டின்மேல் ஏற்றிச் சொல்வது நியாயமல்ல. ஆனால் வரம்பு இன்றும் இருக்கிறது. இதழ் விரிய எந்த வேகம் வேண்டும் என்பதை நிறுவனம் சொல்லும். பல குண்டுகளுக்கு அது நொடிக்கு 1,800 முதல் 2,000 அடி. உங்கள் தோட்டா எத்தனை கெஜத்தில் அந்த வேகத்துக்கு இறங்குகிறது என்பதைக் குரோனோகிராஃபில் அளந்து, அட்டவணையில் கணக்கிட்டுப் பாருங்கள். அதுவே உங்கள் எல்லை. அதற்கு அப்பால் நிற்கும் மான் உங்களுடையதல்ல.

செம்பால் சுட்டால் மான் அதிக தூரம் ஓடி வேதனைப்படும் என்பதே வேட்டைக்காரர்கள் மனதார முன்வைக்கும் மறுப்பு. இதை உதறித் தள்ள முடியாது, காரணம் இது இரக்கத்திலிருந்து வருகிறது. டென்மார்க்கில் 600-க்கும் மேற்பட்ட விலங்குகளைச் சுட்ட விவரங்களைத் திரட்டி, குண்டு பட்ட பிறகு எவ்வளவு தூரம் ஓடின என்று ஒப்பிட்டு 2016-ல் ஓர் ஆய்வு வந்தது. ரெட் டீர் என்ற பெரிய மானில் ஈயத்துக்கும் செம்புக்கும் குறிப்பிடத்தக்க வேறுபாடு தெரியவில்லை. ரோ என்ற சிறிய மானில் மட்டும், சுடும் தூரம் கூடக் கூடச் செம்பு பட்டது சற்றுக் கூடுதலாக ஓடியது. நடைமுறையில் பொருட்படுத்தத் தக்க அளவு அல்ல என்று ஆய்வாளர்கள் முடிவு சொன்னார்கள். தூரம் கூடினால் வேகம் குறையும், வேகம் குறைந்தால் இதழ் விரிவது குறையும் என்று முன்னே பார்த்ததோடு இந்த முடிவு ஒத்துப்போகிறது. ஆகவே மறுப்புக்கான பதில், தூரத்தைக் கட்டுப்படுத்துவதும், தோள்பட்டைக்குப் பின்னால் நெஞ்சிலோ தோள் எலும்பிலோ குறிவைப்பதும். எலும்பில் பட்டால் ஈயம் நொறுங்கும், செம்பு நொறுங்காமல் உள்ளே போகும். மறுபக்கமும் துளைத்து வரும் என்பதால் மானுக்குப் பின்னால் மண்மேடு இருக்கிறதா என்று பார்க்காமல் விசையைத் தொடாதீர்கள்.

குறி தப்புகிறதே என்ற குறையில் பெரும்பாலும் குற்றம் நிரப்பும் முறையில். ஈயக்குண்டைப் புரியின் தொடக்கத்துக்கு மிக நெருக்கமாக வைத்து நிரப்பும் பழக்கம் பலருக்கு உண்டு. செம்பு அதை விரும்புவதில்லை. புரிக்கும் அதற்கும் நடுவே ஒரு தாவல் வேண்டும். 0.05 அங்குலம், அதாவது 1.27 மில்லிமீட்டர் அளவில் தொடங்கி முன்னே பின்னே நகர்த்திப் பாருங்கள். அதற்கு முன்னால் குழலைச் செம்பு கரைக்கும் திரவம் போட்டு, துணி நீலப்பச்சை நிறமாக வருவது நிற்கும் வரை துடையுங்கள். முந்தைய ஈயக்குண்டுகளின் கவசக் கறைமேல் புதுக் குண்டு ஒழுங்காக ஓடாது. இதைச் செய்யாமலே முதல் பெட்டியைச் சுட்டுவிட்டு, செம்பு ஆகாது என்று தீர்ப்பு எழுதியவர்கள் பலர்.

விலை கூடுதல்தான், மறுக்கவில்லை. ஆனால் நிரப்புகிறவருக்குக் குண்டின் விலை வித்தியாசம் மட்டுமே சுமை. பித்தளைக் கூடும் மருந்தும் எப்போதும் போலவே. ஒரு பருவத்தில் மானுக்குப் போவது இரண்டோ மூன்றோ தோட்டா. பயிற்சிக்கு ஈயத்தையே சுடலாம், சுடுகளத்தில் அதைச் சேகரிக்கும் ஏற்பாடு இருந்தால். வேட்டைக்கு முன் துப்பாக்கியின் குறியைச் செம்புத் தோட்டாவாலேயே சரிபார்த்துவிட வேண்டும், இரண்டும் ஒரே இடத்தில் படாது. சில பழைய துப்பாக்கிகளுக்குப் பொருந்தும் செம்புக் குண்டு கிடைக்காமலும் போகலாம். அப்படிப்பட்டவர் ஈயம் அவ்வளவாக உதிராதபடி கவசத்தோடு ஒட்டவைத்த வகையை எடுத்து, காயத்தைச் சுற்றித் தாராளமாக வெட்டி எறிந்து, அந்தக் கறியைக் குழந்தைகளுக்கும் கருவுற்றவர்களுக்கும் கொடுக்காமல் இருக்கலாம். அது குறைந்தபட்சம், நான் பரிந்துரைப்பது அதுவல்ல.

கையில் மிச்சமிருக்கும் ஈயத் தோட்டாக்களை வேறு நிறப் பெட்டியில் போட்டு, பயிற்சிக்கு மட்டும் என்று தமிழிலோ தெலுங்கிலோ பெரிதாக எழுதி, வேட்டைப் பைக்கு எட்டாத இடத்தில் வையுங்கள். ஈயக்குண்டைத் தொட்ட கையைச் சோப்புப் போட்டுக் கழுவாமல் சாப்பிட உட்காராதீர்கள். நிரப்பும் மேசை சமையலறையிலோ பிள்ளைகள் படிக்கும் அறையிலோ இருக்கக் கூடாது. மேசையை ஈரத்துணியால் துடையுங்கள். துடைப்பத்தால் பெருக்கினால் சுட்ட பிரைமரிலிருந்து உதிர்ந்த ஈயத்தூள் காற்றில் கிளம்பும். குண்டைச் செம்பாக மாற்றிய பிறகும் பெரும்பாலான பிரைமர்களில் ஈயம் இருக்கிறது.